ஆள் வேலை செய்கிறார்

பத்தியம் என்ற வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது சித்தி. நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நடந்த சண்டையில் "நீதானேடி பத்தியம்னு சொன்ன" என்று அம்மா அதை என் தலையிலேயே கட்டிவிட்டாள்.

டாக்டரம்மா என் நோய்க்கு ஒரு பெயர் சொன்ன அன்று, சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினேன். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. நாள்பட்ட சோர்வு நோய் என்று தொடங்கினேன். தூங்கி எழுந்தாலும் இந்தச் சோர்வு தீராது. ஒரு நாள் சக்திக்கு மீறி அலைந்தால் அதற்கான அடி அன்றைக்கே விழாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் விழும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. அடியோடு தீர்க்கிற மருந்து இல்லை. சாப்பாட்டாலும் குணமாகாது. ஆனால் ஒத்துக்கொள்ளாததை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, பசிக்கும் முன்பே சாப்பிட்டுவந்தால், உள்ளே இருக்கிற சொற்ப சக்தியைச் சிந்தாமல் வைத்துக்கொள்ளலாம்.

"எனக்கும் இருக்கு இது," என்றான் அண்ணன். "திங்கக்கிழமை திங்கக்கிழமை வரும்."

"சோர்வுக்கெல்லாமா பேரு வைக்கிறாங்க?" என்றாள் அம்மா.

சித்தி எங்களுக்கு மேல் வீட்டில் இருக்கிறாள். எங்கள் குழம்பு கொதிக்கிற நேரம் அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, சரியாக இறங்கி வந்துவிடுவாள். அன்றைக்கும் வந்திருந்தாள். "அட, இதுக்குப் போய் ஏண்டி இவ்வளவு நீட்டி முழக்கற? பத்தியம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயேன்."

அவ்வளவுதான். எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. "ஓ, பத்தியமா?" என்று அம்மா எழுந்து போய் எனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தைத் தேடி எடுத்துக் கழுவினாள். நோயை நம்பாதவர்கள் பத்தியத்தை நம்பினார்கள். இல்லை என்று மறுக்க வாயெடுத்தேன். கழுவிய பாத்திரத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பகலில் நான் ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் போன் எடுக்கிறேன். நடுவழியில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அழுத்துவார்கள். அந்த மணி எனக்குத்தான் அடிக்கும். "பதறாதீங்க. கதவைத் திறக்கப் பார்க்காதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க" என்று சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொல்லும்போது ஆள் பெரும்பாலும் டீ குடித்துக்கொண்டிருப்பார். அழுகிறவர்கள், திட்டுகிறவர்கள், நடுவில் குழந்தையின் குரல். ஒரு அழைப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே தலையைச் சாய்க்க முடியாது.

என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சு. பழுதான கன்ட்ரோல் போர்டுகள் எல்லாம் அங்கேதான் வரும். விளக்கு, மீட்டர், சாலிடரிங் கம்பி, முதுகு சாய்கிற நாற்காலி. கண் இருட்டினால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, தெளிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போர்டு அழாது. பெஞ்சில் இருந்தவர் வேலையை விட்டுப் போகிறார் என்று தெரிந்ததும் நான் மேனேஜரிடம் கேட்டேன். "சாயங்கால வகுப்புல சேரு. இந்த பேட்ச்ல நம்ம ஆபீஸ் ஆள் யார் பாஸ் பண்றாங்களோ அவங்களுக்குத்தான் பெஞ்சு," என்றார். ஆபீஸிலிருந்து சேர்ந்தது இரண்டே பேர். நானும், மெக்கானிக்குக்கு உதவியாளாக இருக்கிற, எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுகிற பையனும்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடிய வேலை உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தது.

வகுப்பு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அதன் கதவில் "பழுது" என்று எழுதி ஒட்டி, அந்தக் காகிதமும் பழுப்பேறிவிட்டது. லிஃப்ட் ரிப்பேர் சொல்லித்தருகிற இடத்தில் லிஃப்ட் ரிப்பேர்! முதல் நாளே சாரிடம் கேட்டேன். "அது ஓனர் பிரச்சினைம்மா. சாவி அவர்கிட்ட," என்றார் சார். நான் ஒவ்வொரு மாடி வளைவிலும் சுவரில் சாய்ந்து நின்று, பாட்டிலில் இருந்து உப்புத் தண்ணீர் குடித்து, ஏறிப் போவேன். அதைப் பார்த்துத்தான் ஸ்பேனர் எனக்கு ஃபியூஸ் என்று பேர் வைத்தான். "ஃபியூஸ் போயிடுச்சுடா, வழி விடு, வழி விடு" என்று என்னைத் தாண்டி இரண்டு இரண்டு படியாகத் தாவுவான்.

சார் முதல் வகுப்பில் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பழுது தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு பாகத்தைச் சேர்த்து மாற்றி லிஃப்ட் ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று தெரியாது. மறுபடி நிற்கும்போது முழிக்க வேண்டியதுதான். இரண்டாவது, சிவப்பு அட்டை. வேலை தொடங்கும்முன் மெயின் ஸ்விட்சில் அதை மாட்ட வேண்டும். "ஆள் வேலை செய்கிறார். கை வைக்காதே. மாட்டியவர் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது" என்று அச்சடித்திருக்கும்.

"ஒரே போர்டுல ரெண்டு பேர் கை வச்சா, பழுது யாரு பண்ணினதுன்னு கடவுளுக்கே தெரியாது," என்றார் சார். எல்லோருக்கும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்.

முதல் விதியை நான் வீட்டுக்கும் எடுத்துவந்தேன். டாக்டரம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். முதலில் காபி. அந்த வாரம் யாரும் என்னோடு பேச முடியவில்லை. பிறகு சர்க்கரை. பிறகு பால். பாலை நிறுத்திய பிறகு காலையில் தலைக்குள் பஞ்சு அடைத்தது போலிருப்பது குறைந்தது. என்னையே நான் லேசில் நம்புவதில்லை என்பதால், மறுபடி பால் குடித்துப் பார்த்தேன். பஞ்சு வந்தது. நிறுத்தினேன். போயிற்று. இன்னொரு முறையும் செய்துபார்த்தேன். அப்புறம்தான் ஒப்புக்கொண்டேன். இன்னொருத்திக்கு இது பொருந்தாமல் போகலாம். என் உடம்புக்கு இதுதான் என்று எனக்கே தெரிந்தது. மற்ற எதைப் பற்றியும் இவ்வளவு நிச்சயம் எனக்கு இருந்ததில்லை.

காலையில் தண்ணீரில் வேகவைத்த ஓட்ஸ் கஞ்சி. அப்புறம் ஒரு முட்டை. மதியம் அரிசிச் சோறு கொஞ்சம், பருப்பு நிறைய. வகுப்புக்கு முன்னால் வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும். இவ்வளவுதான் என் பத்தியம். இதை வைத்துக்கொண்டு பகலில் வேலை பார்த்து, சாயங்காலம் மூன்று மாடி ஏறி, மீட்டரைப் பிடித்து நிற்கிற அளவுக்கு வந்துவிட்டேன். முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

முகம் தெளிந்ததுதான் வினையாகப் போயிற்று.

"பத்தியம் எப்ப முறிக்கப் போற?" என்றாள் சித்தி ஒரு நாள், என் தட்டைப் பார்த்தபடி.

"முறிக்கறதெல்லாம் இல்ல சித்தி."

"பத்தியம்னு ஒண்ணு இருந்தா முறிக்கணும்டி. முறிக்காத பத்தியத்த எங்கயாவது கேட்டிருக்கியா?"

"இது அந்த மாதிரி இல்ல."

"பின்ன எந்த மாதிரி? ஆயுள் தண்டனையா?"

"நன்னடத்தைக்குக் கொஞ்சம் குறைக்க மாட்டாங்களா?" என்றான் அண்ணன். சித்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்முறைத் தேர்வு நெருங்கியது. அந்த நேரத்தில்தான் என் உடம்பு மறுபடி கெடத் தொடங்கியது. காலையில் கண் திறந்தால் பஞ்சு. போனில் ஒரு அம்மாள் தன் கட்டடத்தின் பேரைச் சொல்ல, எழுதிக்கொண்டே மறந்துபோனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கை தானாக நழுவியது. வகுப்பில், நன்றாகத் தெரிந்த சர்க்யூட் படத்தில் ஒரு கோடு எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் "முடியல" என்றால் அடுத்த பேச்சு "அப்ப வகுப்ப விட்டுடு" என்பதுதான். அதனால் அந்த வார்த்தையையே நான் வீட்டில் பயன்படுத்துவதில்லை. செருப்பை மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொள்வேன், யாராவது பார்த்தால் சிரிப்பேன். ஒரு நாள் காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு, "என்னம்மா, இன்னைக்குக் கஞ்சி நல்லாயிருக்கே, வழவழன்னு?" என்றுகூடச் சொன்னேன்.

"புது பாக்கெட்டு," என்றாள் அம்மா.

என்ன காரணம் என்று தேடினேன். என் முறைப்படிதான் தேடினேன். தூக்கம் மாறவில்லை. படிகள் அதே படிகள். உணவில் புதிதாக எதுவும் இல்லை. சமீபத்தில் முட்டை வாங்கும் கடை மாறியிருந்தது. அதனால் முட்டையை நிறுத்தினேன். ஒரு நேரத்தில் ஒன்று. இன்னும் மோசமானது. உடம்பில் இருந்த கொஞ்சத் தெம்பும் போயிற்று. ஒருவேளை பயம்தான் காரணமோ, தேர்வு வருகிறது என்று என் மனசுதான் உடம்பைக் கீழே தள்ளுகிறதோ, அண்ணன் சொல்கிற மாதிரி இத்தனையும் நானாகக் கட்டிக்கொண்ட கதையோ என்றெல்லாம் யோசித்தேன். அந்த யோசனைதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் களைக்க வைத்தது.

தேர்வு சாயங்காலம். அன்று காலை அம்மா எனக்கு முன்னால் கஞ்சியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் காலை வேளையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"தைரியமா போய்ட்டு வா. உனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாயிடுச்சு."

"என்ன சரியாயிடுச்சு?"

"பத்தியம் முறிச்சாச்சு. கொஞ்ச நாளா உன் கஞ்சியில பால் பவுடர் போட்டுத்தான் கலக்கறேன். மொதல்ல ஒரு ஸ்பூன், அப்புறம் ரெண்டு. உனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல! ஜம்முனு வேலைக்குப் போற, வகுப்புக்குப் போற." மேசையைத் தாண்டி என் கையைப் பிடித்தாள். "பரீட்சை அன்னைக்குச் சொல்லலாம்னுதான் வச்சிருந்தேன். சந்தோஷமா போவியேன்னு."

ஸ்பூன் என் வாய்க்குள் இருந்தது. அதை எடுத்தேன். கஞ்சியின் மேல் மெல்லிய ஏடு படிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"நான் முட்டைய நிறுத்திட்டேம்மா!" என்று கத்தினேன்.

அம்மா திகைத்துப்போனாள். "முட்டையா? அத எதுக்கு நிறுத்தின?"

"எதனாலன்னு தெரியாம!"

அண்ணன் பல் விளக்குகிற நுரை வாயோடு எட்டிப் பார்த்தான். "இப்ப முட்டை எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீ வாயை மூடு!"

"ஏய், ஏண்டி கத்தற? விஷத்தையா கலந்தேன்? பால்தானேடி! ஊர்ல எந்தப் புள்ள பால் குடிக்கல? நீதானே பத்தியம்னு சொன்ன. பத்தியம்னா ஒரு நாள் முறிக்கத்தானே வேணும்?"

"நான் சொல்லல! சித்தி சொன்னா!"

"நீ இல்லைன்னு சொல்லலையே."

இன்னும் சத்தமாகக் கத்தினேன். "ஒரு வாரமா செத்துக்கிட்டிருக்கேன்மா! பஸ்ல நிக்க முடியல. எழுத்து தெரியல. என் மூளைதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். எல்லாம் என் மனசுதான்னு நினைச்சேன்!"

"அப்படி இருந்தா சொல்லியிருக்கணும்ல? சிரிச்சுக்கிட்டுதானே போன? கஞ்சி நல்லாயிருக்குன்னு நீயேதானே சொன்ன!" அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உன்ன நல்லா ஆக்கணும்னுதாண்டி செஞ்சேன்."

அவள் அழுததும் எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அழுவதற்கு அவளுக்குத் தெம்பு இருக்கிறதே என்றுதான் தோன்றியது. கஞ்சியைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். கொட்டுகிற சத்தம் போதவில்லை என்று பாத்திரத்தையும் போட்டேன்.

மேல் வீட்டிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "என்னடி சத்தம்? பத்தியம் முறிச்சாச்சா?"

அன்று ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுப் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் தேர்வுக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்டால், பாதி வழி கோபத்தின் மேல்தான் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கட்டட வாசல் வரை அது தாங்கியது. முதல் படியில் காலை வைத்தேன். இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரில் லிஃப்ட் கதவு. "பழுது."

ஸ்பேனர் உள்ளே வந்தான். "என்ன ஃபியூஸு, இன்னைக்குக் கீழேயே போயிடுச்சா?"

"போயிடுச்சு. மேல போய் சார்கிட்ட சொல்லு. போர்டக் கீழ கொண்டுவரச் சொல்லு."

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நடுவில் நின்றது. ஏறிப் போனான். கொஞ்ச நேரத்தில் மேலே கைப்பிடிச் சுவருக்கு வெளியே சாரின் தலை தெரிந்தது.

"என்னம்மா அங்க உட்கார்ந்திருக்க? நேரமாச்சு, வா!"

"முடியல சார்."

வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். மாடிப்படிக் கூண்டில் அந்தச் சொல் மேலே போய் எதிரொலித்தது.

"முடியலைன்னா அடுத்த பேட்ச்ல எழுதும்மா."

"படி ஏற முடியலைன்னு சொன்னேன் சார். போர்டு பார்க்க முடியலைன்னு சொல்லல."

"பரீட்சை மூணாவது மாடியிலதான். அதான் ரூல்."

"இது லிஃப்ட் பரீட்சைதானே? படி ஏறுற பரீட்சைன்னா சேரும்போதே சொல்லியிருக்கணும்!" என் குரல் எனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. "மூணாவது மாடிக்கு ஆளக் கொண்டுபோறதுக்குத்தானே சார் இங்க பாடம் நடத்துறீங்க? அந்தக் காகிதத்த எடுத்துட்டு இத ஓட வைங்க, நான் வர்றேன். இல்லைன்னா போர்டு வரட்டும்."

மேலே யாரோ சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். சாரின் தலை உள்ளே போய்விட்டது. போய்விட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எழுந்து வீட்டுக்குப் போகவும் முடியாது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் படியில் தடதடவென்று சத்தம். ஸ்பேனரும் இன்னொருவனும் ஆளுக்கொரு பக்கம் போர்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். "லிஃப்ட்டையே படியில இறக்கிட்டாளே, சரியான ஆளுதான்!" என்று முனகினான் ஸ்பேனர். தபால் பெட்டிகளுக்குக் கீழே இருந்த மேசையில் வைத்தார்கள்.

சிவப்பு அட்டையை மாட்டினேன். மீட்டரை எடுத்தேன்.

இங்கே நான் ஜெயித்தேன் என்று எழுத ஆசைதான். சார் அந்தப் போர்டில் ஒரு பழுதை ஒளித்து வைத்திருந்தார். நான் முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். மின்சாரம் வருகிறது, ஃபியூஸ் சரி, கதவுப் பூட்டின் தொடர்பு சரி. படத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அளந்ததை எழுதும் முன் மறந்தேன். மறுபடி அளந்தேன். கதவுப் பூட்டைச் சோதித்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. முதலிலிருந்து தொடங்கினேன். நேரம் முடிந்துவிட்டது.

சார் ஒரு ரிலேயை, மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற சின்னப் பெட்டியை, பிடுங்கி அடியில் காட்டினார். தொடர்பு கிடைக்காதபடி ஒரு ஒயர் முனையில் டேப் சுற்றியிருந்தது. "இதுக்கு முன்னாடி வரைக்கும் வந்துட்ட. இன்னும் ஒரு படிதான்."

படி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. "அடுத்த பேட்ச் பரீட்சை எனக்குக் கீழதான் சார்," என்றேன்.

"எழுதிக் குடும்மா, பார்க்கலாம்."

"இப்பவே குடுக்கறேன்." அந்த மேசையிலேயே, கோணல் மாணலான எழுத்தில், எழுதிக் கொடுத்தேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்பேனர் பாஸ். பெஞ்சு அவனுக்கு. அவன் போன் செய்து, "கோவிச்சுக்காத ஃபியூஸு," என்றான்.

"உன்மேல இல்ல," என்றேன். உண்மைதான். அவன் நன்றாகவே வேலை செய்வான்.

அப்புறம் பல நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். வெளிச்சம்கூடப் பாரமாக இருந்தது. படுத்தபடி ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்தேன். நான் தோற்றது பாலாலா? முட்டையை நிறுத்தியதாலா? காலையில் கத்தியதாலா? இல்லை, நல்ல உடம்போடு போயிருந்தாலும் அந்த ரிலேயைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றியிருக்காதா? எனக்குத் தெரியாது. இனி எப்போதும் தெரியப்போவதில்லை. அம்மா என்னை நோயாளி ஆக்கினாள் என்பதல்ல என் கோபம். என் உடம்பைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது ஒரே ஒரு விஷயம். அதையும் ஒரு ஸ்பூனில் அள்ளிக் கலக்கிவிட்டாள். ஒரே போர்டில் இரண்டு கை. அதுவும் அன்பான கை. திட்டினால் நான்தான் கெட்டவள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதலில் செய்தது, கடைக்குப் போய் மூடி இறுக்கமான ஒரு பாத்திரம் வாங்கியது. என் கஞ்சியை இனி நானே வைப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு ஆகிற தெம்பை வேறு எதிலிருந்தாவது பிடுங்க வேண்டும். தலை சீவுவதிலிருந்து பிடுங்கினேன், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். ஓட்ஸை அளந்து போட்டேன். நின்றுகொண்டிருக்க முடியாததால் அடுப்பை அணைத்துவிட்டு, பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துப் பாத்திரத்தின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

சித்தி வந்தாள். "இதென்னடி, பாத்திரத்துக்கு டிக்கெட்டு?"

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "ஆள் வேலை செய்கிறார். கை வைக்காதே. மாட்டியவர் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது." திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ எங்க வேலை செய்யற? உட்கார்ந்துதானே இருக்க?"

"இதுதாம்மா வேலை."

"உட்கார்றதா?"

"ஆமா. உட்கார்றது. படுக்கறது. எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலைன்னு பார்க்கறது. நாள் பூரா இதுதான் எனக்கு வேலை. போன் எடுக்கறதெல்லாம் அதுக்கு மேல."

"அம்மாவுக்கே கை வைக்காதேன்னு போர்டு மாட்டறியா?" என்றாள் சித்தி. "நல்லா இருக்குடி நியாயம்!"

"சித்தி, உங்களுக்கும் சேர்த்துத்தான்."

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறிப் போனாள். அவளுடைய செருப்புச் சத்தத்திலேயே எவ்வளவு கோபம் என்று தெரிந்தது. இருக்கட்டும். எனக்கு அதைவிட அதிகம் இருந்தது.

அம்மா போகவில்லை. அடுப்படியில் நின்று அட்டையின் மூலையை விரலால் தொட்டுவிட்டு, சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

"இத எப்ப எடுப்ப?"

"எடுக்கற நேரத்துல நான் எடுப்பேன்."

"இல்ல, கேக்கறேன். எப்ப முடியும்?"

"முடியலம்மா."

"எது? பத்தியமா, உனக்கா?"

"ரெண்டும்."

வகுப்ப விட்டுடு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அப்படிச் சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மாதிரி தயாராகவும் இருந்தேன். அவள் சொல்லவில்லை. முந்தானையால் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பிறகு, கோபமா வருத்தமா என்று பிரித்தறிய முடியாத குரலில் கேட்டாள்.

"கஞ்சி இறுகிக்கிட்டே போகுது. தண்ணியாவது ஊத்தலாமா, கூடாதா?"

"ஊத்து. வெறும் தண்ணி. எவ்வளவு ஊத்தினன்னு சொல்லு."

என் குரலில் இன்னும் கோபம் இருந்தது. அதைக் குறைக்க நான் முயற்சி செய்யவில்லை.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. டம்ளர் பாத்திரத்தின் விளிம்பில் இடித்தது.

"அரை டம்ளர்!" என்று அம்மா மேல் வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினாள். "அரை டம்ளர் தண்ணி ஊத்தியிருக்கேன். அட்டையத் தொடல!"